ஷெங்கன் அண்ணையின் வியன்னா

ஐரோப்பாவில் ஒரு நாள்கூடக் கால் வைக்காமல், ஐரோப்பா முழுவதையும் ஒற்றை ஆளாக நிர்வாகம் செய்துவருகிறவர் உலகத்திலேயே ஒருத்தர்தான். அவர் துபாய் கராமாவில், ஒரு சலூனுக்கும் ஒரு தையல்கடைக்கும் நடுவில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார்.

அவருடைய பேர் எனக்குத் தெரியாது. கராமாவில் யாருக்கும் தெரியாது. ஐரோப்பா போக வாங்குகிற விசாவுக்கு ஷெங்கன் விசா என்று பேர். அந்த விசாவுக்கு ஏற்ற அளவில் போட்டோ எடுக்க அவரை விட்டால் ஆள் கிடையாது. ஆள் யாழ்ப்பாணத்துக்காரர். ஆகவே அவர் ஷெங்கன் அண்ணை. எங்கள் தூத்துக்குடி வாயில் அது அண்ணாச்சி என்றுதான் வரப் பார்க்கும். வந்தால் அவர் விடமாட்டார். “அண்ணாச்சி எண்டால் எனக்குப் பலசரக்குக் கடை ஞாபகம் வருது தம்பி” என்பார்.

விசா போட்டோவில் சிரிக்கக்கூடாது என்பது ஐரோப்பாக்காரன் சட்டம். அண்ணை எதிரில் உட்கார்ந்து சிரிக்காமல் இருக்க முடியாது என்பது கராமாவின் சட்டம். இரண்டும் அந்த ஸ்டூலில்தான் மோதிக்கொள்ளும்.

“தம்பி, சிரிக்காதேங்கோ. உங்களை அங்கை கலியாணத்துக்கு ஒருத்தரும் கூப்பிடேல்லை. வாயை மூடுங்கோ. அவ்வளவு மூட வேண்டாம், பல்லுக்கொதி எண்டு நினைப்பான். கண்ணைத் திறவுங்கோ. ஐயோ, களவெடுத்துப் பிடிபட்ட ஆள் மாதிரிக் கிடக்கு, கொஞ்சம் குறையுங்கோ.”

நான் வேறு ஏதோ அடையாள அட்டைக்காகப் போட்டோ எடுக்கத்தான் முதலில் அங்கே போனேன். நெற்றி நிறையத் திருநீறு. அழிக்கச் சொல்வாரோ என்று முருகனை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணை விளக்கைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “கிடக்கட்டும். திருநீறு பூசக்கூடாது எண்டு எந்தச் சட்டத்திலையும் இல்லை. ஆனா இண்டைக்கு ஒரு கோயிலுக்குக் காணிற அளவு பூசியிருக்கிறீங்கள். கொஞ்சம் தட்டிவிடுங்கோ, வெளிச்சம் அடிக்குது” என்றார். அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துப் போய்விட்டது.

அந்த ஸ்டுடியோவில் ஒரு கறுப்புக் கோட்டு உண்டு. அதற்கு முன்பக்கம் மட்டும்தான். பின்னால் இரண்டு நாடா. ஆபரேஷன் தியேட்டரில் கட்டுவதுபோல முடிச்சுப் போட்டுவிடுவார். மேனேஜர், ஃபோர்மேன், பூசாரி, பிளம்பர் என்று கராமாவில் யார் ஐரோப்பா போனாலும் போட்டோவில் அந்தக் கோட்டுதான். ஐரோப்பாவில் விசா கொடுக்கிறவர்கள், கராமா என்பது ஒரே குடும்பத்து ஆட்கள் வாழும் ஊர் என்று நினைத்திருப்பார்கள்.

போட்டோ எடுக்க இரண்டு நிமிடம் போதும். ஆனால் கையில் தரமாட்டார். “எங்கை பயணம்?” என்று ஆரம்பிப்பார். அங்கே தொடங்கினால் உங்கள் போட்டோ பிணைக்கைதியாகக் கிடக்கும். புத்திமதி எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகுதான் விடுதலை. துபாயிலிருந்து ஐரோப்பாவுக்கு மாநாடு, கண்காட்சி என்று போகிறவர்கள் இப்போது ஏராளம். அவர்கள் எல்லாரும் அந்த ஸ்டூலில் பாடம் படித்தவர்கள்தான்.

சுவரில் வரிசையாகக் கடிகாரங்கள். மற்ற கடைகளில் கடிகாரத்துக்குக் கீழே லண்டன், நியூயார்க் என்று ஊர் பேர் இருக்கும். இவர் கடையில் அக்கா, சின்னண்ணை, மச்சாள், மாமி என்று எழுதியிருக்கும். அக்கா வியன்னாவில், சின்னண்ணை பாரிஸில், மச்சாள் பெர்லினில், மாமி ஒஸ்லோவில். எல்லாக் கடிகாரமும் ஒரே நேரம்தான் காட்டும்.

“ஏன் அண்ணே, எல்லா ஊர்லயும் ஒரே மணிதானே? ஒரு கடிகாரம் பத்தாதா?” என்று கேட்டேன்.

“ஓம் தம்பி, ஒரே மணிதான். ஆனா அக்காவின்ரை மணிக்கூட்டிலை மாமியும் நேரம் பாக்கிறா எண்டு தெரிஞ்சால் பேந்து ரெண்டு பேரும் கதைக்க மாட்டினம்.”

அவர் புத்திமதி எல்லாம் இந்தச் சொந்தக்காரர்கள் போனில் சொன்னதுதான். அதிலும் வியன்னாதான் அவருடைய தலைநகரம். அக்கா முதன்முதலில் அங்கே போய் இறங்கியது ஒரு மார்கழி மாதம். உறைபனியில் நடுங்கிக்கொண்டு அவர் போனில் அழுதது அண்ணையின் மனதில் அப்படியே நின்றுவிட்டது. அதனால் அண்ணையின் வியன்னாவில் வருஷம் பூராவும் மார்கழி. நல்ல வெயில் காலத்தில் மாநாட்டுக்குப் போன ஒரு என்ஜினியர் சட்டைக்குள் செய்தித்தாள் சுற்றி, மேலே இரண்டு ஸ்வெட்டர் போட்டுப் போயிருக்கிறார். அங்கே குழந்தைகள் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு அவரை வேடிக்கை பார்த்தனவாம்.

அதே என்ஜினியரிடம், “டாக்ஸி பிடிக்காதேங்கோ. அங்கை குதிரை வண்டி நிக்கும். ஏறி இருந்து மண்டபத்தின்ரை பேரைச் சொல்லுங்கோ. ராசா மாதிரிக் கொண்டுபோய் இறக்குவான்” என்றும் சொல்லியிருந்தார். அது டூரிஸ்டுகளைப் பழைய தெருக்களில் சுற்றிக் காட்டும் வண்டி. குதிரை எல்லா அரண்மனையையும் காட்டிவிட்டு, இவர் பேச வேண்டிய நேரமெல்லாம் முடிந்த பிறகு, புறப்பட்ட இடத்திலேயே இறக்கிவிட்டது. திரும்பி வந்து கடை வாசலில் நின்று கத்தினார். அண்ணை நிதானமாகக் கேட்டார். “ராசா மாதிரிக் கொண்டுபோனானோ இல்லையோ?”

நியாயமாகச் சொல்ல வேண்டும். சில விஷயங்கள் சரியாகவும் இருக்கும். அங்கே மெட்ரோவில் நம் துபாய் மாதிரி கார்டு தட்டித் திறக்கும் கதவு கிடையாது. கதவு இல்லை என்று சும்மா நுழையக்கூடாது, டிக்கெட் எடுத்து வாசலில் இருக்கும் பெட்டியில் முத்திரை குத்த வேண்டும். எஸ்கலேட்டரில் வலது பக்கம் ஒதுங்கி நிற்க வேண்டும். குழாய்த் தண்ணீர் மலையிலிருந்து வருவது, அப்படியே குடிக்கலாம். ஆகஸ்ட் மாதம் குழாயைத் திறந்தால் ரசமே வைத்துவிடலாம் என்கிற ஊரில் இருக்கிற நமக்கு இதெல்லாம் புராணக் கதைதான். அந்த ஊர் ஆட்கள் வணக்கம் சொல்வதற்குக் கடவுள் பேரைச் சேர்த்து ‘குரூஸ் கொட்’ என்பார்களாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வியன்னா மேல் தனி மரியாதை.

இனி என் வீட்டுக் கதை.

நான் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவன். ஒன்பதாவது வரைக்கும்தான் படிப்பு. என் மனைவி முத்துலெட்சுமி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் நர்ஸ். கிட்னி பழுதானவர்கள் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். கல்ஃப் வெயிலில் சைட்டில் கிடந்தவனிடம் தண்ணி குடிக்காதே என்றால் கேட்பானா? டாக்டர் சொல்லிப் பார்த்தார், படம் வரைந்து ஒட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. இவள் என்ன செய்தாள் தெரியுமா? ஒவ்வொருத்தன் வீட்டுக்கும் போன் போட்டு, அவன் மனைவியையே பேசச் சொல்லிப் பதிவு செய்து வாங்கினாள். தமிழ், தெலுங்கு, வங்காளம், பஷ்தூ எல்லாம் உண்டு. தினமும் காலையில் அவனவன் போனுக்கு அவனவன் வீட்டுக்காரி குரல் போகும். அவ்வளவுதான். எடுத்த டம்ளரை அப்படியே கீழே வைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

பெரிய டாக்டர் மனசார மெச்சினார். அவரே இதை எழுதி வியன்னாவில் நடக்கிற நர்ஸ்கள் மாநாட்டுக்கு அனுப்பினார். இவளே நேரில் வந்து மேடையில் ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று அழைப்பு வந்துவிட்டது. முருகன் படத்துக்கு முன்னால் அதை வைத்துக் கும்பிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவளோ, “நான் போவல” என்றாள்.

“ஏளா, சும்மாவா கூப்பிட்டிருக்காவ?”

“நீங்க பேசாம இருங்க. கோயில் ஃபங்ஷன்லகூட நான் மைக்கு பிடிச்சதில்ல. வெள்ளைக்கார டாக்டருமாரு முன்னால என் இங்கிலீஷ எடுத்து விட்டா சிரிக்க மாட்டாவளா? நான் நாக்கு ஒட்டி நின்னா நம்ம ஆஸ்பத்திரிக்கே அவமானம். அதுவும் சஷ்டி நேரம். விரதத்தோட தனியா எங்க போய் நிப்பேன்?”

எங்கள் மகள், “அம்மா, சில் பண்ணுங்க. கூகுள் மேப் இருக்குல்ல?” என்றாள். கூகுள் மேப் மேடை ஏறிப் பேசுமா?

எப்படியோ சமாதானம் செய்து போட்டோ எடுக்கக் கூட்டிப் போனேன். ஸ்டூலில் உட்கார்ந்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள். அண்ணை கேமராவை விட்டு வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டார். வழக்கமான புத்திமதி எதையும் சொல்லவில்லை. விளக்கு எல்லாவற்றையும் போட்டார். எல்லாம் அவள் முகத்துக்கு நேரே.

“தங்கச்சி, இப்ப சொல்லுங்கோ. கேமராதான் அந்த டொக்டர்மார். கதையுங்கோ.”

அன்றிலிருந்து டியூட்டி முடிந்தால் அவள் ஸ்டுடியோவுக்குத்தான் போனாள். போட்டோவுக்காகக் காத்திருக்கும் ஆட்கள்தான் சபை. மலையாளி, பிலிப்பினோ, வங்காளி எல்லாம் பெஞ்சில் வரிசையாக. அண்ணை குறுக்கே குறுக்கே விழுவார்.

“நிலத்தைப் பாத்துக் கதைக்காதேங்கோ. நிலம் கேள்வி கேக்காது.”

“மெல்லமாக் கதைச்சாக் காணும். வியன்னாவுக்கு இஞ்சை இருந்தே கேக்கப்பண்ணப் போறியளோ?”

ஒரு நாள் பெஞ்சில் ஒரு பட்டான் டிரைவர் உட்கார்ந்திருந்தார். பேச்சு முழுவதையும் கேட்டுவிட்டுக் கையைத் தூக்கினார். “பாஜி, ஏக் மினிட்” என்று அக்கா முறை சொல்லி ஹிந்தியில் ஆரம்பித்தார். “என் பீவி சத்தம் கேக்காம இருக்கணும்னுதான் நான் துபாய்க்கே வந்தேன். அதைப் போய்ப் போன்ல போட்டு அனுப்புறீங்களே, இது நியாயமா?”

கடையே குலுங்கிச் சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, “அச்சா பாய், வீட்டுல ஒரு நாள் சத்தம் வரலேன்னா ஏன் ரெண்டு தடவை போன் போட்டுப் பாக்குறீங்க?” என்று ஹிந்தியிலேயே திருப்பிக் கேட்டாள். பட்டான் தாடியைத் தடவிக்கொண்டு, “கலாஸ், முடிஞ்சது. பாஜி ஜெயிச்சாச்சு” என்று கையைக் கட்டிக்கொண்டார். நான் வாசலில் நின்று கேட்டேன். அப்போதே எனக்கு நெஞ்சு ஒரு சாண் உயர்ந்துவிட்டது.

புறப்படுகிற அன்றைக்கு அண்ணை அந்தக் கறுப்புக் கோட்டை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். “கொன்பரன்சுக்குப் போடுங்கோ. முன்னுக்கு இருக்கிறவைதானே பாக்கப் போகினம். திரும்பாமல் நிண்டால் சரி.” கும்பிட்டு மறுத்துவிட்டோம். “சரி, ஒண்டை மட்டும் மறக்காதேங்கோ. ஞாயிற்றுக்கிழமை அங்கை கடையெல்லாம் பூட்டு. சாப்பாடு கையோடை கொண்டு போங்கோ” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டுகிற ஊர் ஒன்று இருக்கும் என்று இங்கே யார் நம்புவார்? கராமாவில் போன் போட்டால் ஒற்றை முட்டையை லிப்டில் ஏற்றிக் கொண்டுவருகிறான் குரோசரிக்காரன். இருந்தாலும் அண்ணை சொல்லிவிட்டாரே என்று, பழம், பேரீச்சை, பால் பவுடர் எல்லாம் பெட்டியில் அடுக்கினோம். மேடைக்கு உடுத்த நீலப் பட்டுச் சேலையும் அதிலேயே.

அவள் ஞாயிற்றுக்கிழமை வியன்னாவில் இறங்கினாள். பெட்டி இறங்கவில்லை. மறுநாள் மத்தியானம்தான் வரும் என்று சொல்லிவிட்டார்கள். அவள் பேச்சோ மறுநாள் காலையில்.

ஹோட்டலிலிருந்து போன் வந்தது. “இங்க பாருங்க, மாத்திக் கட்ட ஒரு துணி இல்ல. தெருவுல ஒரு கடை தொறக்கல. சாப்பாட்டுக் கடையில எட்டிப் பாத்தா எல்லார் தட்டுலயும் மாடு. சஷ்டியும் அதுவுமா பச்சத் தண்ணிதான் குடிச்சிருக்கேன். குளுரு எலும்புக்குள்ள போவுது. நான் பேசல. அடுத்த ஃப்ளைட்டப் பிடிச்சு வந்துருதேன்.”

சட்டையை மாட்டிக்கொண்டு அண்ணை கடைக்கு ஓடினேன். அவர் ஒரு குழந்தையைச் சிரிக்காமல் இருக்கவைக்கப் போராடிக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டதும், குழந்தையை அப்படியே விட்டுவிட்டுச் சுவரில் அக்காவின் கடிகாரத்தைப் பார்த்தார். போனை எடுத்தார்.

“அக்கா, எங்கடை பிள்ளை ஒண்டு அங்கை தனிய நிக்குது. ஓம், சாப்பிடேல்லை. ஓம், சேலையும் இல்லை. கெதியா வெளிக்கிடு.”

எங்கள் ஆட்கள் பந்தல்கால் நட நல்ல நேரம் பார்ப்பார்கள். அந்த அக்கா எதையும் பார்க்கவில்லை. என் மனைவி அழுது முகம் கழுவி முடிப்பதற்குள் ஹோட்டல் வாசலில் வந்து நின்றுவிட்டார். ஒரு கையில் பால் ஃபிளாஸ்க்கும் மாதுளம்பழமும். இன்னொரு கையில் சேலைப் பை. மருமகள் அளவு, மகள் அளவு, தன் அளவு என்று மூன்று விதமான ரவிக்கையோடு.

“பிள்ளை, முதல்லை பாலைக் குடியணை. நானும் கந்தசஷ்டிதான். ரெண்டு பேருமாச் சேர்ந்து குடிப்பம்.”

கண் காணாத ஊரில், முகம் பார்த்திராத ஒரு அம்மா, அதே முருகனுக்கு அதே விரதம் இருந்துகொண்டு வந்து நிற்கிறார் என்றால் என்ன சொல்வது? நான் பஸ் ஓட்டுகிறவன். எனக்கு வேறு விளக்கம் தெரியாது.

மறுநாள் மத்தியான டிரிப்புக்கு முன்னால் ஸ்டுடியோவில் இருந்தேன். அங்கே காலை. அக்காவின் மருமகன் மண்டபத்திலிருந்து வீடியோ கால் போட்டார். அண்ணை போனைக் கேமரா ஸ்டாண்டில் நிறுத்தினார். போட்டோவுக்கு வந்தவர்களுக்கு அன்று போட்டோ கிடையாது. “இருங்கோ, எங்கடை பிள்ளை கதைக்கப் போகுது” என்று எல்லாரையும் பெஞ்சில் உட்காரவைத்தார்.

முன்னால் பேசினவர்கள் எல்லாம் விளக்கு கண்ணில் அடிக்கிறது என்று கையால் கண்ணை மறைத்துக்கொண்டு நின்றார்கள். என் மனைவி, அக்கா வீட்டு மாம்பழ நிறப் பட்டில் மேடை ஏறினாள். குனிந்து நிலத்தைப் பார்த்தாள். அண்ணை போனைப் பார்த்து, “நிலத்தைப் பாக்காதை பிள்ளை” என்று மெல்லச் சொன்னார். அவள் நிமிர்ந்தாள். விளக்கை நேருக்கு நேர் பார்த்தாள். ஆரம்பித்தாள்.

அவள் பேசின இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் புரிந்தது. நடுவில் ஒரு பதிவைப் போட்டாள். எங்கள் பக்கத்துப் பெண் குரல். வியன்னா மண்டபம் முழுக்கக் கேட்டது.

“ஏய்யா, ஒனக்கு அறிவிருக்கா? நேத்து தர்பூசணிய முழுசாத் தின்னியாமே! நர்சம்மா சொல்லிட்டாவ. அதுவும் தண்ணிதான்யா! நீ நல்லா இருந்தாத்தான்யா எனக்குப் பூவும் பொட்டும்.”

திரையில் இங்கிலீஷில் அர்த்தம் ஓடியது. முதலில் சிரித்தார்கள். கடைசி வரி வந்ததும் சத்தம் அடங்கிவிட்டது. பிறகு எழுந்து நின்று கை தட்டினார்கள். இங்கே பெஞ்சிலும் தட்டினார்கள்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அண்ணை அக்காவிடம் ஒரு தகவல் சொல்லியிருந்தார். ஒருத்தரைக் கடல் தாண்டிக் கூப்பிட்டு மேடையேற்றினால் அது பாராட்டு விழாவைத் தவிர வேறென்ன என்பது அவர் கணக்கு. பொன்னாடை இல்லாத மேடையை அவர் கண்டதே இல்லை. அதனால் அக்கா குடும்பத்தோடு, கூட்டத் தலைவி அம்மாவிடம் “ஃபேமிலி” என்று சொல்லி அனுமதி வாங்கி, கடைசி வரிசையில் பையோடு காத்திருந்தார். கைதட்டல் அடங்குவதற்குள் மேடை ஏறிவிட்டார். ஜரிகை வைத்த பொன்னாடையை விரித்து என் மனைவி தோளில் போட்டார். ரோஜா மாலை வேறு. அடுத்து, தலைவிக்குப் போடாவிட்டால் மரியாதை இல்லையே என்று அந்த வெள்ளைக்கார அம்மாவுக்கும் ஒன்று. அந்த அம்மா இரண்டு கையையும் கூப்பிக்கொண்டார்.

அடுத்துப் பேச வந்தவர் நரைத்த தலைப் பேராசிரியர். பேசி முடித்துவிட்டு இறங்காமல் அக்காவைப் பார்த்துக் கழுத்தை லேசாகச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

“அக்கா! ஆள் நிக்கிறார் பார்! இன்னொண்டு இல்லையோ?” என்று கராமாவிலிருந்து கத்தினார் அண்ணை. அக்கா பையைத் துழாவினார். யாழ்ப்பாணத்து ஆட்கள் மேலதிகமாக ஒன்று கொண்டுபோகாமல் இருப்பார்களா? பேராசிரியர் பொன்னாடையோடு இறங்கினார். நான் மத்தியான டிரிப்புக்குக் கிளம்பிவிட்டேன். அதற்கப்புறம் பேசியவர்களை எப்படிச் சமாளித்தார்களோ தெரியாது. என் பஸ்ஸில் அன்று ஏறின ஒவ்வொரு பிள்ளைக்கும், “எங்க வீட்டு அம்மா வியன்னாவுல பேசினாவ” என்று சொல்லித்தான் கதவைச் சாத்தினேன்.

திரும்பி வந்ததும் நேரே அண்ணையிடம்தான் போனோம். என் மனைவி கையைக் கூப்பினாள். அவர் கேமரா லென்ஸைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், “அக்கா மெலிஞ்சு போனாவோ?” என்று கேட்டார். அவள், “இல்லண்ணே, நல்லா இருக்காவ. உங்களப் பத்திதான் பேச்சு முழுக்க” என்றாள். “ஓம், அவ அப்பிடித்தான்” என்று துணியை மடித்து வைத்தார்.

வெள்ளிக்கிழமை ஜெபல் அலி கோயிலுக்குப் போனோம். நன்றி சொல்ல வேண்டுமே. அர்ச்சனைத் தட்டை நீட்டினேன். ஐயர் பேரும் நட்சத்திரமும் கேட்டார். என் மனைவி பேரைச் சொன்னேன். மகள் பேரைச் சொன்னேன். இன்னும் ஒருத்தர் என்றேன்.

“பேர்?”

பின்னால் வரிசை நின்றது. ஐயர் என்னையே பார்த்தார்.

“பேரும் தெரியாது, நட்சத்திரமும் தெரியாது சாமி,” என்றேன். “எங்க அண்ணன்னு சொல்லுங்க. முருகனுக்குத் தெரியும்.”